இரண்டு வரிகள் ஓடும் கடிகாரம்: ஒரு நடுவர் கைக்கடிகாரத்தின் மதிப்புரை

கால்பந்து நடுவர்களுக்கென்றே தயாரிக்கப்படும் கைக்கடிகாரம் ஒன்றை ஒரு சீசன் முழுவதும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். பயன்படுத்தியது இரண்டு விதமாக. பொழுதுபோக்கு அணிகளின் ஆட்டங்களுக்கு விசில் ஊதும்போது அதைக் கையில் கட்டியிருந்தேன். பெரிய ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது மடியில் வைத்துக்கொண்டு, பந்து நிற்கும்போதும் நகரும்போதும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். வாங்கியது முதல் வேலைக்காகத்தான் என்றாலும், பந்து நிற்கும்போதெல்லாம் கடிகாரமும் நிற்க வேண்டுமா என்ற பழைய வாதத்தில் என் கருத்தை மாற்றியது அந்த இரண்டாவது வேலைதான். ஆகவே கருவியைப் பற்றி எவ்வளவு எழுதுகிறேனோ, அது காட்டிய கணக்கைப் பற்றியும் அவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. இந்த வகைக் கடிகாரங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி இயங்குவதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

திரையில் இரண்டு வரிகள் உள்ளன. மேல் வரியில் ஆட்ட நேரம் ஓடுகிறது. கீழ் வரி வீணான நேரத்துக்கு உரியது. பக்கவாட்டில் இருக்கும் பெரிய பொத்தானை அழுத்தினால், மேல் வரி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, கீழ் வரியும் எண்ணத் தொடங்குகிறது. மறுபடி அழுத்தினால் கீழ் வரி மட்டும் நிற்கிறது. இது முதல் முறை. இரண்டாவது முறையில் அதே பொத்தான் மேல் வரியையே நிறுத்திவிடும். அப்படி நிறுத்தியதை நாம் மறந்துவிடாமல் இருக்க, கடிகாரம் அவ்வப்போது மணிக்கட்டில் அதிர்ந்து நினைவூட்டும். நாற்பத்தைந்து நிமிடம் முடிந்ததும் இன்னும் அழுத்தமான அதிர்வு ஒன்று வருகிறது.

பொத்தான் பெரிது என்பதால் பார்க்காமலேயே விரலுக்கு அகப்படுகிறது, மழையில் நனைந்த கையாலும் அழுத்த முடிகிறது. குறை என்று சொன்னால், மணிக்கட்டை மடக்கிக் கையை உயர்த்தும்போது பொத்தான் தானாக அழுந்திவிடுவதும், அழுத்தியது பதிவானதா என்பதைத் திரையைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டியிருப்பதும்தான். ஓடும் நடுவருக்கு இரண்டாவது குறை சிறியதல்ல. அவர் கண்ணை எடுக்கக் கூடாத ஒரே இடம் பந்து.

முதல் முறை இன்றைய விதிப்புத்தகத்தின் ஏழாவது விதிக்கு ஏற்ப அமைந்தது. ஆட்ட நேரம் நிற்காது. வீரர் மாற்றம், காயம், மஞ்சள் அல்லது சிவப்பு அட்டை, வார் எனப்படும் காணொளி உதவி நடுவரின் பரிசோதனை, கோல் கொண்டாட்டம், ஆட்டத்தை மறுபடி தொடங்குவதில் ஏற்படும் கணிசமான தாமதம் ஆகியவற்றால் இழந்த நேரத்தை நடுவர் பாதியின் முடிவில் சேர்த்துக்கொள்வார். மக்கள் வழக்கில் இஞ்சுரி டைம் என்று சொல்லப்படும் இந்த நேரத்தின் பிறப்பைப் பற்றிச் சொல்லப்படும் கதையே நேரத்தைத் திருடிய கதைதான். 1891இல் ஸ்டோக், ஆஸ்டன் வில்லா அணிகள் மோதிய ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் ஸ்டோக்குக்கு ஒரு பெனால்டி கிடைக்க, முன்னிலையில் இருந்த வில்லாவின் கோல்கீப்பர் பந்தை மைதானத்துக்கு வெளியே உதைத்துவிட்டார் என்றும், பந்தைத் தேடிக்கொண்டு வருவதற்குள் ஆட்ட நேரம் முடிந்துவிட்டது என்றும் சொல்வார்கள். அந்த கோல்கீப்பரின் வாரிசுகள் இன்றைக்கும் நம் திரையில் இருக்கிறார்கள். பந்தை அவ்வளவு தூரம் உதைப்பதில்லை, அவ்வளவுதான்.

நான் மடியில் வைத்து அளந்தவற்றில் ஒரே ஒரு கோல் கிக்கை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கோல் முன்னிலை, எண்பதாவது நிமிடத்தைத் தாண்டிய நேரம். பந்து எல்லைக்கோட்டைக் கடந்ததும் பொத்தானை அழுத்தினேன். கோல்கீப்பர் நடந்துபோய்ப் பந்தை எடுத்தார். சிறிய கட்டத்தின் இடது மூலையில் வைத்தார். கம்பத்தில் காலணியைத் தட்டி மண்ணை உதிர்த்தார், பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார், பிறகு ஏதோ நினைவு வந்தவர்போலப் பந்தை வலது மூலைக்கு எடுத்துச்சென்றார். தடுப்பாட்டக்காரர்களை இரு கைகளாலும் முன்னே போகச் சொன்னார், அவர்கள் மெதுவாகப் போனார்கள். பந்து உதைக்கப்பட்டபோது கீழ் வரி 34 விநாடியைக் காட்டியது. நடுவர் அட்டையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எல்லோருக்கும் அது கடுமையாகத்தான் பட்டிருக்கும், ஏனென்றால் அந்த 34 விநாடிக்குள் கோல்கீப்பர் செய்த எதுவும் தனித்தனியே பார்த்தால் குற்றமில்லை. இதே அளவில் பத்துத் தாமதங்கள் சேர்ந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் போய்விடும். ஆனால் விதி சொல்வது 'கணிசமான' தாமதம். எது கணிசம் என்பதை நடுவரின் மனம் முடிவுசெய்கிறது. சேர்க்கப்படும் நிமிடங்களைக் காட்ட, கோட்டோரம் நிற்கும் நான்காம் நடுவர் தூக்கும் பலகையில் வரும் எண் அளந்து கண்ட எண் அல்ல, மதிப்பிட்டுச் சொன்ன எண் என்பதை அன்றைக்குக் கீழ் வரியைப் பார்த்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் போன்ற முதல்நிலைப் போட்டியிலேயே பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரம் சராசரியாக 55 நிமிடத்தைச் சுற்றித்தான் இருந்துவந்திருக்கிறது. கடிகாரத்தை நிறுத்தச் சொல்பவர்கள் நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து நிமிடங்களை அப்படியே நிறுத்தி ஓடவிடச் சொல்வதில்லை. அப்படிச் செய்தால் ஆட்டம் இரண்டரை மணி நேரத்துக்கு இழுத்துவிடும். விதிகளை வகுக்கும் ஐஃபேப் வாரியம் 2017இல் விவாதத்துக்காக வெளியிட்ட ஆவணத்தில் இருந்தது, பந்து ஓடும்போது மட்டும் ஓடும் கடிகாரத்தோடு முப்பது நிமிடப் பாதிகள் இரண்டு என்ற யோசனை. ஆட்டத்தைக் குறைக்கிறார்கள் என்று அப்போது எழுந்த குரல்களில் என் குரலும் ஒன்று. அறுபதை விட ஐம்பத்தைந்து குறைவு என்ற எளிய கணக்கு அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

கடிகாரத்தை நிறுத்தாமலேயே நேர்மையாக எண்ணிப் பார்க்கும் முயற்சி கத்தாரில் 2022 உலகக் கோப்பையில் நடந்தது. இங்கிலாந்தும் ஈரானும் மோதிய ஆட்டத்தில் ஈரான் கோல்கீப்பருக்குத் தலையில் அடிபட்டதும் சேர்ந்து முதல் பாதியில் மட்டும் 14 நிமிடம் என்று பலகை காட்டியது. இரண்டாம் பாதியில் 10. அடுத்த ஆண்டு பிரீமியர் லீக்கும் அதே வழியில் போனது. பார்வையாளராக எனக்கு அது பிடித்திருந்தது, ஆனால் மடியிலிருந்த கடிகாரம் அதில் ஓர் ஓட்டையைக் காட்டியது: சேர்க்கப்பட்ட அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளும் பந்து வெளியே போகிறது, வீரர் மாறுகிறார், ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு படுக்கிறார். திருட்டைத் திருப்பித் தரக் கொடுத்த நேரத்திலிருந்தும் திருட முடிகிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, இரண்டு அணித் தலைவர்களின் சம்மதத்தோடு ஒரு நட்பு ஆட்டத்தை, மேல் வரியையே நிறுத்தும் அந்த இரண்டாவது முறையில் நடத்திப் பார்த்தேன். முதல் பத்து நிமிடத்துக்கு என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. த்ரோ-இன் எடுக்க யாரும் தயங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தயங்கியவர்களைப் பார்த்து யாரும் கத்தவில்லை. பிறகு ஒரு த்ரோ-இன்னுக்காகக் கடிகாரத்தை நிறுத்தினேன், எறிந்த பந்து நேராக இரண்டு பேர் மோதலில் போய் விழுந்தது, ஃபவுலா இல்லையா என்று அதைப் பார்த்துக்கொண்டே ஓடினேன், பொத்தானை மறந்துவிட்டேன். கடிகாரம் அதிர்ந்தது. ஓடும்போது குலுங்கும் கையில் அந்த அதிர்வு எனக்கு உறைக்கவில்லை. ஏறக்குறைய ஒரு நிமிட ஆட்டம் எந்தக் கணக்கிலும் வராமல் போனது. முதல் பாதியில் நேரக் கணக்கில் செய்த தவறை இரண்டாம் பாதியின் நீளத்தை மாற்றிச் சரிசெய்யக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. ஆகவே தெரிந்த தவறோடு ஆட்டத்தை முடித்தேன். ஒரு ஆட்டத்தில் பந்து நூறு முறைக்குக் குறையாமல் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், நடுவர் இருநூறு முறை பொத்தானை அழுத்த வேண்டும். அதைச் செய்துகொண்டே அவர் ஆஃப்சைடையும் கையில் பட்டதையும் பார்க்க வேண்டும்.

இது கருவியின் குற்றமல்ல, பொத்தான் தவறான கையில் இருக்கிறது. அணிக்கு ஐந்து பேர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சாலில் இருபது நிமிடப் பாதிகள் நின்று ஓடும் கடிகாரத்தில்தான் ஆடப்படுகின்றன, ஆனால் அதை இயக்குபவர் கோட்டுக்கு வெளியே மேசையில் உட்கார்ந்திருக்கும் தனி நேரக் காப்பாளர்; மீதி நேரம் அரங்கிலுள்ள அனைவருக்கும் தெரியும். நேரத்தை ஒரே மனிதரின் மணிக்கட்டில் பூட்டி வைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2022 ஜனவரியில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை ஆட்டத்தை விட வேறு சான்று தேவையில்லை. துனிசியாவும் மாலியும் மோதிய அந்த ஆட்டத்தில், கடும் வெயிலில் உடல்நலம் குன்றியிருந்த நடுவர் 85ஆவது நிமிடத்திலேயே ஆட்டம் முடிந்ததாக விசில் ஊதினார். பிறகு ஆட்டத்தைத் தொடரவிட்டு, தொண்ணூறு நிமிடம் முழுதாக நிறைவதற்குள் மறுபடியும் ஊதி முடித்தார்.

1978 உலகக் கோப்பையில் கார்னர் கிக்கில் வந்த பந்தை பிரேசிலின் ஜிகோ தலையால் முட்டி வலைக்குள் அனுப்பியபோது, பந்து காற்றில் இருக்கையிலேயே நேரம் முடிந்ததாக நடுவர் க்ளைவ் தாமஸ் அறிவித்ததும், ஸ்வீடனோடு ஆடிய அந்த ஆட்டம் 1-1 என்று முடிந்ததும் இன்றும் பேசப்படுகிறது. அரங்கக் கடிகாரம் இருந்தாலும் அந்தக் கேள்வி இருக்கத்தான் செய்யும்: சுழியம் வரும்போது பந்து காற்றில் இருந்தால் என்ன செய்வது? ஃபுட்சால் அதற்கும் பதில் வைத்திருக்கிறது. கோலை நோக்கி அடிக்கப்பட்ட பந்தின் முடிவு தெரிந்த பிறகே பாதி முடிகிறது.

பெரிய மைதானத்தில் இது முன்பே முயன்று பார்க்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அமெரிக்காவின் எம்எல்எஸ் கால்பந்து லீக் 1996இல் தொடங்கியபோது கடிகாரம் கீழ்நோக்கி எண்ணியது, சுழியத்தில் ஆட்டம் முடிந்தது. 1999 சீசனோடு அதைக் கைவிட்டு, உலகம் முழுவதும் உள்ள முறைக்குத் திரும்பினார்கள். என் பார்வையில் அந்தத் தோல்வி நின்ற கடிகாரத்தின் தோல்வியல்ல. நடுவர் சைகை காட்டும்போது மட்டும் நிற்கும் கடிகாரத்தில் சாதாரண கோல் கிக்குகளும் த்ரோ-இன்களும் நேரத்தைத் தின்றுகொண்டுதான் இருந்தன. மாற்றத்தின் அந்நியத்தன்மை வந்தது, பலன் வரவில்லை.

என் உற்சாகத்தைக் குறைத்தது வேறொன்று. நட்பு ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் ஓர் அணி தொடர்ந்து முன்னேறி அழுத்திக்கொண்டிருந்தபோது எதிரணி கோல்கீப்பர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடிகாரம் நின்றது, ஒரு விநாடிகூட வீணாகவில்லை. ஆனால் இரண்டு நிமிடம் கழித்து அவர் எழுந்தபோது அழுத்தம் கொடுத்த அணியின் வேகம் போயிருந்தது; மற்றவர்கள் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, கோட்டோரம் நின்று தங்கள் பயிற்சியாளர் சொன்னதைக் கேட்டு முடித்திருந்தார்கள். எதிராளியின் தாளத்தைக் குலைப்பதற்குக் கடிகாரம் ஓட வேண்டும் என்ற அவசியமே இல்லை. சொல்லப்போனால், கடிகாரம் நின்றுவிட்டால் படுப்பவரின் மனசாட்சிகூட உறுத்தாது.

ஃபுட்சால்காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. கடிகாரம் நின்றிருக்கும்போதும் பந்தை உள்ளே அனுப்ப அவர்கள் தருவது நான்கு விநாடி. நேரம் வீணாவதுதான் பிரச்சினை என்றால் அந்த நான்கு விநாடிக்கு அர்த்தமே இல்லை. பெரிய கால்பந்திலும் இந்த வகை விதிகளே உண்மையில் வேலை செய்திருக்கின்றன: சக வீரர் வேண்டுமென்றே காலால் தள்ளிய பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுப்பதற்கு 1992இல் வந்த தடை, மாற்றப்படும் வீரர் அருகிலிருக்கும் கோட்டின் வழியே வெளியேற வேண்டும் என்ற 2019ஆம் ஆண்டு விதி, பந்தை எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கும் கோல்கீப்பருக்கு எதிராகக் கார்னர் கிக் தரும் 2025ஆம் ஆண்டு விதி. கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்டுவது, எந்தக் கடிகாரத்தையும் விடக் கோல்கீப்பரைச் சீக்கிரம் நகர்த்துகிறது.

எனவே, நான்காம் நடுவரும் வார் அறையும் இருக்கும் முதல்நிலைப் போட்டிகளில் முப்பது நிமிடப் பாதிகளும், மேசையிலிருந்து இயக்கப்படும், எல்லோர் கண்ணிலும் படும் கடிகாரமும் வர வேண்டும் என்பதே என் கருத்து; கூடவே மறுதொடக்கத்துக்கு விநாடிக் கெடுவும் வர வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் வந்தால், இடைவேளைகள் நிறைந்த, கணக்கில் மட்டும் சுத்தமான ஆட்டம் ஒன்று நமக்குக் கிடைக்கும். ஒரே நடுவர் விசிலும் கையுமாக ஓடும் ஆட்டங்களுக்கு இப்போதைய முறையே போதும்.

அந்த ஒரே நடுவராக இருப்பவர்களுக்கு இந்தக் கடிகாரத்தைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். பொத்தான் தானாக அழுந்தும் தொல்லைக்குக் கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டுவது பெருமளவு உதவுகிறது. விசில் பிடிக்கும் கையில் கட்ட வேண்டாம். இரண்டாவது முறையை நான் இப்போது தொலைக்காட்சிக்கு முன்னால் மட்டுமே பயன்படுத்துகிறேன். மைதானத்துக்குள் நுழையும் முன் முதல் முறைக்கு மாற்றிவிட்டேனா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்கிறேன்.