1,850 யூரோவுக்கு ஒரு போலி முரானோ விளக்கு: பழைய இத்தாலியக் கண்ணாடி வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

பணம் திரும்ப வராது என்று நேற்று மாலைதான் உறுதியானது. கோபத்தில் கை இன்னும் படபடக்கிறது, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1,850 யூரோ போய்விட்டது. நான் இருப்பது மிலானோவில். வெனிஸ் கண்ணாடி உலைகளை 1291இலேயே கொண்டுபோய் வைத்த முரானோ தீவு இங்கிருந்து அரை நாள் பயணம்கூட இல்லை. இந்த ஊரிலேயே இப்படி ஏமாற்றுகிறார்கள்.

விற்ற தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பழைய டிசைன் பொருட்களை மட்டும் விற்கும் இணையச் சந்தை, 'நிபுணர்கள் சரிபார்த்தது' என்று முகப்பிலேயே பெரிதாகப் போட்டிருக்கும் வகை.

பொருள் என்ன தெரியுமா? மாஸ்ஸிமோ விஞ்ஞெல்லி 1950களில் வெனினி என்ற முரானோ கண்ணாடி நிறுவனத்துக்காக வடிவமைத்த காளான் விளக்கு. பின்னால் நியூயார்க் சுரங்க ரயிலுக்கு 1972 வரைபடம் செய்தாரே, அதே விஞ்ஞெல்லிதான். பால்வெள்ளைக் கண்ணாடியில் வண்ணப் பட்டைகள் ஓடும், உள்ளே பல்பு எரிந்தால் அந்தப் பட்டைகள் தானாகவே ஒளிர்வது போல இருக்கும். பல வருடமாக ஆசைப்பட்ட விளக்கு.

விற்றவன் போனில் பேசினான். அந்தப் பேச்சை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. "அவசரமே இல்லை சினோரா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், எங்கள் அம்மா வீட்டில் இருந்த விளக்கு, இதன் அருமை தெரிந்தவர் வீட்டுக்குப் போனால் எனக்கு நிம்மதி" என்றான். வேறு ஒருவர் கூடுதலாகத் தருவதாகச் சொன்னாராம், ஆனால் என்னோடு பேசியது பிடித்துப்போய் எனக்கே தருகிறானாம். இருட்டறையில் விளக்கை எரியவிட்டு வீடியோ அனுப்பினான், அவ்வளவு அழகாக இருந்தது. வயரும் ஹோல்டரும் அன்றைக்குப் போட்டவையே, எதையும் மாற்றவில்லை, அடியில் அமிலத்தால் பொறித்த வெனினி முத்திரை இருக்கிறது என்று எழுதியும் கொடுத்தான். 1,850 யூரோ அனுப்பினேன்.

பழைய கண்ணாடியைச் சீர்செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் விளக்கை எரியவிடவே இல்லை, நேராகக் கவிழ்த்துப் பார்த்தார். அமிலத்தில் பொறித்த எழுத்து மங்கலாக, விளிம்பு மென்மையாக இருக்குமாம். இதிலோ இயந்திரத்தால் கீறியது போலக் கூர்மை. அத்தனை வருடம் மேசையில் இருந்த விளக்கு என்றால் அடியில் பல திசையிலும் நுண்ணிய கீறல்கள் விழுந்திருக்கும். இதில் எல்லாமே ஒரே திசையில் போகின்றன, அதாவது உப்புத்தாளில் தேய்த்திருக்கிறார்கள். அப்புறம் ஹோல்டரைக் காட்டினார். அதில் சிஇ (CE) முத்திரை, பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் குறி. ஐரோப்பாவில் அந்த முத்திரை மின்பொருட்களுக்கு வந்ததே 1990களில்! ஹோல்டரை மட்டும் மாற்றியிருந்தால் தவறில்லை, பழைய விளக்குகளுக்கு வயர் மாற்றுவது சகஜம்தான். ஆனால் எதையும் மாற்றவில்லை என்று எழுதிக் கொடுத்தவன் அல்லவா அவன்?

கேட்டதும் முதலில் "வெளியூரில் இருக்கிறேன், வந்து பேசுகிறேன்" என்றான். பிறகு "நிபுணர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள் சினோரா" என்றான். பிறகு பதிலே இல்லை, என் எண்ணை முடக்கிவிட்டான்.

தளத்துக்காரர்கள் அதைவிட மோசம். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பது மட்டும்தான் அவர்கள் வேலையாம். அப்படியென்றால் நிபுணர்கள் எதைச் சரிபார்த்தார்கள் என்று கேட்டேன். படங்களையாம்! வெறும் படங்களை. மறுபடி எழுதினால் ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் ஒருவர், அதே வாசகம், "உங்கள் பொறுமைக்கு நன்றி". கடைசியில் என் புகாருக்கு 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடிவிட்டார்கள். 1,850 யூரோ என் கையில் இல்லை, எது தீர்ந்தது?

இன்னொன்றும் அப்போதுதான் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வணிகரிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பித் தரலாம். விற்பவர் தனிநபர் என்றால் அந்த உரிமை கிடையாது. தளத்தில் இவனுடைய விற்பனைப் பக்கத்தில் வரிசையாக விளக்குகள், ஆனால் பதிவு மட்டும் தனிநபர் என்று. தெரிந்தேதான் செய்கிறான்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. எரியும் விளக்கின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்த வெளிச்சத்தில் எந்தக் குறையும் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் அடிப்பகுதியையும் ஹோல்டரையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். ஒட்டியிருக்கும் காகித லேபிளை நம்பவே வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். விற்பவர் வணிகரா தனிநபரா என்று எழுத்தில் கேளுங்கள்.

போலீசில் புகார் கொடுக்கப் போகிறேன். இன்று காலை பார்த்தால் அதே ஆள் இன்னொரு காளான் விளக்கை ஏற்றியிருக்கிறான், பட்டை நிறம் மட்டும் வேறு, அதே இருட்டறை, மறுபடியும் அம்மா வீட்டு விளக்காம். இத்தாலியிலிருந்து இப்படி ஒன்றை வாங்க யாராவது பேசிக்கொண்டிருந்தால், பணம் அனுப்பும் முன் எனக்கு எழுதுங்கள், அவனா என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன்.