சீக்கிரம் தீர்ந்துபோகும் சியூதான் நல்ல சியூ

சியூவை, அதாவது நாய்க்குக் கடிக்கக் கொடுக்கும் பொருளைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "ஆறு மாசமா கடிக்குது, ஒண்ணுமே ஆகல!" பொழுதுபோக்குக்காக வாங்கியிருந்தால் சரி. பல்லுக்காக வாங்கியிருந்தால் அதைக் கேட்டதும் கொஞ்சம் பதற வேண்டும். இரண்டு பொருள்கள் தினமும் உரசிக்கொண்டிருக்கும்போது ஒன்று தேயவே இல்லை என்றால், தேய்வது மற்றது. நாயின் வாயில் அந்த மற்றது பல்.

அதனால் இங்கே எந்த சியூவுக்கும் எத்தனை நாள் உழைத்தது என்று மதிப்பெண் கிடையாது. மாதக்கணக்கில் கொடுத்தபின் பல் எப்படி இருக்கிறது, வயிறு எப்படி இருக்கிறது, கடைசித் துண்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் கணக்கு.

முதலில் எந்தப் பல் உடைகிறது என்று பார்த்துவிடலாம். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மேலுதட்டைப் பக்கவாட்டில் தூக்கி, கோரைப்பல்லுக்குப் பின்னால் எண்ணிக்கொண்டே போனால் நான்காவதாக, மலைமுகடு போல ஒரு பெரிய பல் தெரியும். மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல் அதுதான். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லோடு சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்யும். நாய் தலையை ஒருக்களித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, பொருளை வாயின் ஓரத்துக்குத் தள்ளிக் கடிக்கிறதே, அப்போது முழு அழுத்தமும் இந்த இரண்டு பற்களில்தான் விழுகிறது. நாய்ப்பல்லின் எனாமல் பெரும்பாலான இடங்களில் 1 மில்லிமீட்டர்கூட வராது. மனிதப் பல்லின் எனாமல் இதைவிடப் பல மடங்கு தடிமன். கடிக்கும் பொருள் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதபோது, கன்னத்துப் பக்கமாக ஒரு சில்லு அப்படியே பெயர்ந்து வரும். பெயர்ப்பு பல நேரங்களில் ஈறுக்கு உள்ளே வரை போய்விடும். பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள பற்கூழ் வெளியே தெரிந்தால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரிதான்.

இதில் மோசமான விஷயம், நாய் காட்டிக்கொள்ளாது. சாப்பாட்டுத் தட்டைக் காலி செய்யும், வாலை ஆட்டும். பல மாதம் கழித்துக் கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது. அந்தப் பல்லுக்கு மூன்று வேர்கள். வேர்ச்சிகிச்சையோ, பிடுங்குவதோ, எதுவானாலும் முழு மயக்கத்தில்தான் செய்ய முடியும்.

வாங்குவதற்கு முன் செய்யும் சோதனைகள் எளியவை. கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். தடம் விழ வேண்டும், அல்லது பொருள் சற்றேனும் அமுங்க வேண்டும். இரண்டு கையால் பிடித்து வளையுங்கள், சிறிதாவது வளைய வேண்டும். கால்நடைப் பல் மருத்துவர்கள் சொல்லும் இன்னொன்று: அதை வைத்து உங்கள் முழங்கால் சிப்பியில் ஒரு தட்டு தட்டச் சொன்னால் சம்மதிப்பீர்களா? தயங்கினால் நாய்க்கும் வேண்டாம். மென்று விழுங்கும் வகை என்றால் நான்காவதாக ஒரு சோதனை உண்டு. ஒரு துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் குழைந்திருந்தாலோ உதிர்ந்திருந்தாலோ நல்லது. ஊதிப் பெருத்து, இழுத்தால் ரப்பர் போல நீண்டால், வயிற்றுக்குள்ளும் அதுவே நடக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளலாம். இரைப்பையில் அமிலம் உண்டு, அதனால் இது முழு நிரூபணம் அல்ல. ஆனால் தோல்வியடைந்த பொருளைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இந்தச் சோதனைகளில் மான்கொம்பு, மாட்டுக் குளம்பு, கால் எலும்பு மூன்றும் முதல் நிமிடத்திலேயே வெளியே. "இயற்கையானது" என்ற சொல் இங்கே ரொம்பப் பேரை ஏமாற்றுகிறது. கல்லும் இயற்கையானதுதான். வேகவைத்த எலும்புக்கு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. சூட்டில் உலர்ந்து நொறுங்கும் தன்மை வந்து, ஊசி ஊசியாகப் பிளந்து, தொண்டையிலோ குடலிலோ குத்தும். பொட்டலத்தில் வரும் புகைபோட்ட, பதப்படுத்திய எலும்புகளும் இதே ரகம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இவற்றைப் பற்றி எச்சரித்தபோது, சுமார் 68 புகார்கள் வந்ததாகவும் ஏறக்குறைய 15 நாய்கள் இறந்ததாகத் தெரிவிக்கப்பட்டதாகவும் சொன்னது.

யாக் (இமயமலை மாடு) பாலை இறுக்கிக் காயவைத்த பால்கட்டிக் கட்டை கொஞ்சம் தந்திரமானது. எச்சில் பட்ட முனை மெத்தென்று ஆகிவிடுவதால் பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தெரியும். அந்த மெத்தென்ற தோலுக்கு 2 மில்லிமீட்டர் உள்ளே அதே கட்டைதான். முனையைச் சுரண்டித் தின்னும் நிதானமான நாய்க்கு ஓரளவு ஓடும். ஓரத்துக்குத் தள்ளி ஒரே கடியில் உடைக்கப் பார்க்கும் நாய்க்கு இது மான்கொம்பின் தம்பி. கடைசித் துண்டை மட்டும் மைக்ரோவேவில் அரை நிமிடம் வைத்தால் பொரி போல உப்பி மொறுமொறுப்பாகிவிடும். நன்றாக ஆறவைத்த பிறகு கொடுக்கலாம், உள்ளே சூடு நீண்ட நேரம் நிற்கும். நேர்மையாகச் சொன்னால், இந்தப் பொருளில் பல்லுக்கு உகந்த பகுதி அந்தக் கடைசித் துண்டு மட்டுமே.

நைலான் எலும்பை மாதங்கள் கழித்துப் பார்த்தால் முனை துடைப்பம் போலப் பிசிறியிருக்கும். அந்தப் பிசிறு பல்லைத் தேய்ப்பதாக நினைத்துத் திருப்தி அடைவார்கள். அரிசி அளவுத் துகள் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். அதைவிடப் பெரிய சில் பெயரத் தொடங்கினால் அந்த எலும்பின் ஆயுள் முடிந்தது. உறையில் "பலமாகக் கடிக்கும் நாய்களுக்கு" என்று போட்டிருப்பது பொதுவாக அதே நைலானின் இன்னும் கடினமான வடிவம். பலமாகக் கடிக்கிற தாடைக்கு விட்டுக்கொடுக்காத பொருளைக் கொடுப்பது எங்கே போய் முடியும் என்பதை மேலே பார்த்தாயிற்று.

ராஹைட் என்னும் பதனிடாத உலர்தோல் பல்லை உடைப்பது குறைவு. அதன் ஆபத்து அடுத்த கட்டத்தில். ஊறி வழுவழுப்பான நீண்ட பட்டையை நாய் மெல்லாமல் விழுங்கும். பாதி தொண்டையில், பாதி வெளியே என்று நிற்கும், அல்லது உள்ளே போய் ஊதி அடைக்கும். முடிச்சுப் போட்ட வகை இன்னும் மோசம், முடிச்சு கழன்று மொத்தமாக இறங்கும். கொடுத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குச் சொல்வதற்கு ஒன்றுதான்: கண்ணை எடுக்காதீர்கள்.

புல்லி ஸ்டிக் எனப்படும் காளையின் உலர்த்திய ஆண்குறி, கடினத்தில் ஏற்கத்தக்கது. மென்றால் நார் நாராகப் பிரியும், பல்லின் பக்கவாட்டில் உரசும், செரிக்கும். சிக்கல் கலோரியில். பரிசோதித்த மாதிரிகளில் அங்குலத்துக்கு 9 முதல் 22 கலோரி வரை இருந்தது. 6 அங்குலக் குச்சி என்றால் 54 முதல் 132. கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாள் தேவை சுமார் 600 கலோரி. தின்பண்டத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60. ஒரே குச்சியில் அன்றைய பங்கு தீர்ந்துவிடும், சிலவற்றில் இரட்டிப்பாகும். தினமும் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைக் குறைக்காமல் விட்டால் சில மாதத்தில் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாது. சமைக்காத விலங்குப் பொருள் என்பதால் கிருமியும் உண்டு. கொடுத்தபின் கை கழுவுங்கள், படுக்கையில் வைத்துக் கடிக்க விடாதீர்கள். 2019இல் அமெரிக்காவில் பன்றிக்காது சியூக்களோடு தொடர்புடைய சால்மொனெல்லா பரவியபோது படுத்தவர்கள் மனிதர்கள், 150 பேருக்கும் மேல்.

இனி பல்லுக்கென்றே செய்யப்படும் டென்டல் சியூ. பார்க்க மாவுக்குச்சி மாதிரி இருந்தாலும் நல்லதில் ஒரு நுட்பம் இருக்கிறது: பல் உள்ளே புதைந்த பிறகுதான் உடையும். புதையும்போது அதன் சுவர் பல்லின் பக்கங்களைத் துடைத்துக்கொண்டே ஈறு விளிம்பு வரை போகும். முதல் கடியிலேயே பிஸ்கட் போல நொறுங்கினால் பல்லின் நுனி மட்டும்தான் தொட்டிருக்கும், அழுக்கு இருப்பதோ அடிவாரத்தில். சிலவற்றில் பாலிபாஸ்பேட் சேர்த்திருப்பார்கள். எச்சிலில் உள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்து, பல்லில் படியும் கிருமிப் படலம், காரை எனப்படும் கெட்டி அழுக்காக இறுகாமல் தடுப்பது அதன் வேலை.

உறையில் எல்லோரும் "காரை நீக்கும்" என்று அச்சடிக்கிறார்கள். நம்பத்தக்க அடையாளம் 1997இல் தொடங்கிய கால்நடை வாய்நல மன்றத்தின் முத்திரை. வி.ஓ.எச்.சி என்று தேடினால் அங்கீகரித்த பொருள்களின் பட்டியல் கிடைக்கும். ஒப்பீட்டுச் சோதனைகளில் படலமோ காரையோ சராசரியாக 20 சதவீதமாவது குறைந்தால்தான் முத்திரை. படலத்துக்கு ஒன்று, காரைக்கு ஒன்று எனத் தனித்தனியாகத் தருகிறார்கள், எது என்று படித்துப் பாருங்கள். 20 சதவீதம் என்பதையும் மறக்க வேண்டாம். மீதி பிரஷ்ஷின் பொறுப்பு.

தினமும் கொடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. படலம் சுத்தம் செய்த சில மணி நேரத்திலேயே மீண்டும் படியத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் தாது சேர்ந்து காரையாக இறுகும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கடிக்க விட்டு, மற்ற நாள்களில் ஒன்றும் தராமல் இருந்தால் காரைக்குத் தேவையான அவகாசத்தை நாமே கொடுத்ததாகிறது. ஏற்கெனவே மஞ்சளாகவும் பழுப்பாகவும் கெட்டிப்பட்டிருக்கும் காரையை சியூவால் எடுக்க முடியாது. முதலில் மருத்துவரிடம் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்கினால்தான் வித்தியாசம் தெரியும்.

அளவு எடையைப் பார்த்து. இரண்டு அளவுக்கு நடுவில் நாயின் எடை விழுந்து, அது அவசரமாக விழுங்கும் ரகமாகவும் இருந்தால், பெரிய அளவை வாங்கி அதற்குரிய கலோரியைச் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளலாம். அரை நிமிடத்தில் மறைந்துபோகும் சியூ வெறும் தின்பண்டம். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று திருப்பிக் கொடுத்தால் அதே குச்சி மூன்று நான்கு நிமிடம் வரும். இரண்டு பக்கமும் உரசும். எப்படிக் கொடுத்தாலும் முன்பற்களும் கோரைப்பற்களும் இந்த வேலையில் அவ்வளவாகக் கலந்துகொள்வதில்லை, அவற்றுக்கு பிரஷ்தான்.

கடிக்கும் ஆசைக்கு இயற்கை ரப்பர் பொம்மை போல ஒன்றில்லை. தனியாக அது பல்லைப் பெரிதாகச் சுத்தம் செய்யாது, ஆனால் உடைக்காது. வாங்கும்போது ஒரே ஒரு விவரம் பாருங்கள்: உள்ளே வெற்றிடம் உள்ள பொம்மைக்கு இரண்டு துளை இருக்க வேண்டும். ஒற்றைத் துளை என்றால் நாக்கு உள்ளே போய் உறிஞ்சலில் மாட்டி வீங்கிவிடும். இது கற்பனை ஆபத்து அல்ல. மாதம் ஒருமுறை பொம்மையின் துளைப்பகுதியைக் கையால் விரித்துப் பார்த்தால், சும்மா பார்க்கும்போது தெரியாத வெடிப்பு தெரியும். வெடிப்பு வந்த பொம்மையிலிருந்து அடுத்த வாரம் ஒரு துண்டு காணாமல் போகும். வெயிலில் கிடந்தால் இது சீக்கிரம் வரும். உள்ளே நிலக்கடலை வெண்ணெய் தடவுவதானால் பொருள்பட்டியலில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நாய்க்கு அது நஞ்சு.

டென்னிஸ் பந்தின் மேல்துணி, அதில் சேரும் மண்ணோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி பல்நுனியை அராவும். எறிந்து விளையாட மட்டும், கிடத்தி மெல்ல அல்ல. ஐஸ்கட்டியும் பல்லை உடைக்கும். மரக்குச்சி அண்ணத்தில் சிராய் ஏற்றும்.

குட்டிகள் தனிக்கணக்கு. 28 பால்பற்களும் ஊசி போல மெல்லியவை, ஏழு மாதத்துக்குள் விழுந்து முளைத்துவிடும். அதுவரை ஈரத்துணியை முறுக்கிக் குளிரவைத்ததும், குட்டிகளுக்கான மெல்லிய ரப்பரும் போதும். துணியை நார் பிரியும்முன் எடுத்துவிடுங்கள்.

எந்த சியூவானாலும் நாயின் வாய் அகலத்தைவிடச் சின்னதானதும் வாங்கிக்கொள்ள வேண்டும். பிடுங்கப் போனால் அவசரமாக விழுங்கிவிடும் என்பதால், அதைவிட ருசியான ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்வதுதான் வழி. வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி அறை. போட்டியில் மெல்லுவது மறந்துபோகும்.

வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கி அந்த நான்காம் பல்லை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றின் முகடு தட்டையாகியிருக்கிறதா, நடுவில் சிவப்புப் புள்ளியோ கறுப்புப் புள்ளியோ தெரிகிறதா, முழுப் பல்லும் ஊதா நிறத்துக்கு மாறியிருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் காரை ஏறியிருக்கிறதா. ஒரு பக்கம் மட்டும் ஏறினால், வலியால் அந்தப் பக்கத்தில் மெல்லாமல் விட்டிருக்கலாம். பல் உடைந்திருப்பதாகத் தெரிந்தால் கடினமான எதையும் கொடுக்காமல், உலர் தீனியை ஊறவைத்துக் கொடுத்து, மருத்துவரிடம் போங்கள். இளநாய் என்றால் இரண்டு நாளுக்குள் போவது முக்கியம். புதிதாகத் திறந்த பற்கூழை உயிரோடு காப்பாற்றும் வாய்ப்பு அந்த 48 மணி நேரத்தில்தான் அதிகம்.