மேனிகால்ட்டா, ஆல்ஸ்டனா?
ஸ்ட்ரீட்பால்னு (தெருவோர கோர்ட்ல ஆடுற பாஸ்கெட்பால்) பேச்சு எடுத்தாலே இந்த ரெண்டு பேர்ல யாரு பெருசுன்னு சண்டை வந்துடும். ஏர்ல் மேனிகால்ட் நியூயார்க் ஹார்லெம்ல வளர்ந்தவரு, ஆறடி சொச்சம் தான் இருப்பாரு, ஆனா டங்க் பண்ணி (எகிறி குதிச்சு பந்த வளையத்துக்குள்ள அடிச்சு) கீழ வர்ற பந்த இன்னொரு கையால புடிச்சு காத்துல இருக்கும்போதே மறுபடி உள்ள போட்டுருவாராம், வீடியோலாம் கிடையாது, எல்லாம் பாத்தவங்க சொல்றது தான் (கொஞ்சம் மசாலாவும் சேர்ந்திருக்கும்). பாஸ்கெட்பால் ஜாம்பவான் கரீம் அப்துல் ஜப்பாரே இவர பெஸ்ட்டுன்னு சொல்லிருக்காரு. ஆனா ஹெராயின், ஜெயில்னு போயி என்பிஏ (அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்) பக்கமே வரல. செத்தது 1998ல.

அதே 1998ல தான் ரேஃபர் ஆல்ஸ்டன என்பிஏ டீம் மில்வாக்கி பக்ஸ், புது ஆளுங்கள எடுக்குற டிராஃப்ட்ல 39வது ஆளா எடுத்தாங்க. நியூயார்க் குயீன்ஸ் பையன், ஹார்லெம்ல இருக்குற ரக்கர் பார்க் கோர்ட்ல துள்ளிகிட்டே பந்த தரையில தட்டிட்டு போயி (ட்ரிப்ளிங்) பேர் வாங்குனவரு, அவர் ஆடுன பழைய வீடியோ கேசட்ட வச்சு தான் அண்ட் ஒன்ங்கிற ஷூ கம்பெனி முதல் மிக்ஸ்டேப்பே (ஸ்ட்ரீட்பால் வீடியோ தொகுப்பு) விட்டுச்சு. 2009 என்பிஏ ஃபைனல்ஸ்ல ஆர்லாண்டோ டீமுக்கு ஸ்டார்ட்டிங் பாயின்ட் கார்டு (ஆட்டத்த நடத்துற ஆளு) வேற.

கெரியர்னு பாத்தா போட்டியே இல்ல, ஆல்ஸ்டன் தான். ஆனாலும் என் ஓட்டு மேனிகால்ட்டுக்கு, ஏன்னா போதைய விட்டுட்டு வந்து ஏரியா பசங்களுக்கு டோர்னமென்ட் நடத்துனாரு பாருங்க, மன்ஹாட்டன்ல 99வது தெரு, ஆம்ஸ்டர்டாம் அவென்யூ கிட்ட இருக்குற அந்த கோர்ட்ட இன்னிக்கும் அவரோட பட்டப்பேரான 'கோட்'ட வச்சு கோட் பார்க்னு தான் கூப்பிடுறாங்க.