பிரித்து உட்கார வைப்பதா, ஒரே பாடத்தை மூன்று விதமாகக் கொடுப்பதா?

என் ஆறாம் வகுப்பில் 38 பேர். ஆங்கிலத்தில் அப்பாவைக் குறிக்கும் 'டேட்' என்ற சொல்லை எழுதச் சொன்னால், ஒரு பையன் 'பேட்' என்று எழுதுகிறான். சின்ன 'பி'யும் சின்ன 'டி'யும் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதே பெஞ்சில் இருக்கும் பிள்ளையோ பாடத்தைக் கடகடவென வாசித்துவிட்டு, "அடுத்து என்ன டீச்சர்?" என்று கேட்கிறாள். பீரியடோ 40 நிமிடம்தான்.

தரம் பார்த்துப் பிரிப்பது முதல் வழி. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்காக 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்ற மூன்று குழுக்களும் இந்த வகைதான். எழுத்தும் ஒலியும் தெரியாத பிள்ளைக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. அவனுக்கு வேண்டியது 'டி' ஒலி, பாடம் அல்ல. ஆனால் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு, தான் ஏன் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நன்றாகவே புரியும். "நான் அரும்பு டீச்சர்" என்று அவன் தலையைக் குனிந்து சொல்லும்போது மனசு கனத்துப் போகிறது. அப்புறம், நான் ஒரு குழுவோடு உட்கார்ந்தால் மற்ற இரண்டும் சும்மா கிடக்கும்.

இரண்டாவது வழியில் பாடம் ஒன்று, வேலை மூன்று. காணாமல் போன ஆட்டைத் தேடும் ஆறு வரிக் கதையை நான் சத்தமாக வாசிக்கிறேன். சிலர் தெரிந்த சொற்களுக்கு அடிக்கோடு போட்டு, படம் வரைந்து பெயர் எழுதுகிறார்கள். சிலர் கேள்விகளுக்கு ஒரு வரியில் பதில். மீதிப் பேர் முடிவை மாற்றி எழுதுகிறார்கள். ஆடு கிணற்றடியில் நிற்கும் இடம் வரும்போது 38 பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயம். குறையும் உண்டு: அந்தப் பையன் படம் வரைந்தே வருஷத்தை ஓட்டிவிடலாம்.

கெட்டிக்காரப் பிள்ளையோடு ஜோடி சேர்ப்பது பேச்சுப் பயிற்சிக்குச் சரி. எழுத்து வேலை என்றால் ஒருவர் எழுத, மற்றவர் பார்த்து எழுதுவார், அவ்வளவுதான்.

நான் இப்போது முதல் 15 நிமிடம் மட்டும் வாசிப்புக்காகப் பிரிக்கிறேன். மீதி நேரம் எல்லோருக்கும் ஒரே கதை. குழுக்களுக்குப் பெயரே வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை பத்துச் சொல் டிக்டேஷன். எட்டு சரியாக எழுதியவர், பரீட்சை வரை காத்திருக்காமல், திங்கட்கிழமையே அடுத்த குழுவுக்குப் போய்விடுவார்.