ஊட்டி மார்க்கெட் பக்கத்து டீசல் மெக்கானிக் கடை – 4/5

நம்ம பிக்கப் கேத்தியிலருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு அடிக்கற வண்டி, உறைபனி நேரத்துல விடிகாலை 3 மணிக்கு செல்ஃப் அடிச்சா வெள்ளைப் புகையா தள்ளும் ஆனா புடிக்காது, ஒருதடவ ஸ்டார்ட் ஆகிட்டா அப்புறம் நாள் முழுக்க ஒரு பிரச்சனையும் இல்ல. முதல்ல போன பெரிய ஒர்க்‌ஷாப்ல வண்டியத் தொடாமலே டீசல் பம்ப்ப கழட்டணும்னுட்டாங்க.

இங்க அண்ணன், "ராத்திரி விட்டுட்டுப் போங்க, ஆறின இன்ஜின்லதான் பாக்கணும்"னார், அதுலயே பாதி நம்பிக்கை வந்துடுச்சு. காலைல செல்ஃப் அடிக்கும்போது பேட்டரிய செக் பண்ணார், 10 வோல்ட்டுக்கு மேலயே நின்னுச்சு, அப்ப பேட்டரி பிரச்சனை இல்ல. வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ள போகுது, எரியறதுக்குத்தான் சூடு பத்தலன்னு சொல்லிட்டே ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்ஜின் உள்ள சூடேத்தற நாலு ஹீட்டர் பிளக் கனெக்‌ஷனையும் கழட்டி ஒவ்வொண்ணா பழைய முள்ளு மீட்டர வச்சார், ரெண்டுல 1 ஓம் கிட்ட காட்டுச்சு, அது ரெண்டும் நல்லா இருக்கு, மத்த ரெண்டுல முள்ளு அசையவே இல்ல, செத்துப்போச்சு. பிளக்குக்கு கரண்ட் விடற ரிலேயையும் பாத்துட்டு நாலையும் செட்டா மாத்திட்டார். இப்ப டேஷ்ல ஹீட்டர் சுருள் லைட் அணையற வரைக்கும் பொறுத்து சாவியத் திருப்புனா டக்குன்னு புடிக்குது.

ஒரு ஸ்டார் ஏன் கம்மின்னா, பில்லு கேட்டா பிளக் வந்த அட்டைப்பெட்டியக் கிழிச்சு அதுல எழுதித் தர்றார்.