பிடிக்காத புத்தகம், பக்கத்து ஊர் எழுத்தாளர்: எப்படி நடந்துகொள்வது?

ஆசிரியன் இறந்துவிட்டான், எழுதியவரை மறந்துவிட்டு எழுத்தை மட்டும் பாருங்கள் என்ற கருத்தில் பிரெஞ்சு விமர்சகர் ரோலண்ட் பார்த் 1967இல் எழுதினார். பாரிஸில் அது சரிவரும். இலங்கையின் வடக்கில், எங்கள் வன்னியில் புத்தகம் எழுதியவர் உங்கள் பிள்ளைக்குப் படிப்பிக்கும் சேராக இருப்பார், இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் உங்கள் விண்ணப்பத்தை வாங்கி வைப்பவராக இருப்பார், அதுவும் இல்லையென்றால் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் வந்து நின்று "தம்பி, புத்தகம் வாசிச்சனீங்களோ?" என்று கேட்பார். வாசித்தாயிற்று. பிடிக்கவில்லை. என்ன சொல்வது?

எங்கள் பக்கத்துச் சனங்கள் இதை ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறார்கள். பொய்யாகப் புகழ்வது, வாயே திறக்காமல் இருப்பது, முகநூலில் ஆளையே உரித்துப்போடுவது, தனியே கூப்பிட்டுச் சொல்வது, சொந்தப் பெயர் போட்டு விமர்சனம் எழுதுவது. என்னைக் கேட்டால் கடைசி இரண்டும்தான் பேசத் தகுந்தவை, எதை எப்போது செய்வது என்பதில்தான் சண்டையே. ஆனால் நடைமுறையில் எப்போதும் வெல்வது முதல் மூன்றும் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுவோம்.

புகழ்ச்சியை நான் அவ்வளவு மோசமாக நினைப்பதில்லை. வெளியீட்டு விழா எப்படி நடக்கும் என்று தெரியும்தானே. விளக்கேற்றல், அகவணக்கம், ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, பிறகு ஊர் வர்த்தகர் ஒருவர் முதற்பிரதியை வாங்குவார், சிறப்புப் பிரதிக்கு வரிசையில் போய் என்வலப்பைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வோம், அதன் பிறகு சனம் ரோல்ஸ் பெட்டியோடு கலையத் தொடங்கும் நேரத்தில் நயப்புரை, ஏற்புரை. இங்கே பெரும்பாலான எழுத்தாளர்கள் கைக்காசு போட்டுத்தான் அச்சடிக்கிறார்கள். 2022 நெருக்கடியில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள், அப்போது ஏறிய அச்சுக்கூலி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே அந்த மேடையில் சொல்லப்படும் நல்ல வார்த்தை கலியாண வீட்டு அன்பளிப்புக் காசு மாதிரி, அதை யாரும் விமர்சனமாகக் கணக்கெடுக்கத் தேவையில்லை. கெடுதி எங்கே என்றால், அதே நயப்புரை அடுத்த ஞாயிறு பத்திரிகையில் நூல் விமர்சனம் என்ற தலைப்போடு வருவதில். அதை எழுத்தாளர் நம்புகிறார். இரண்டாவது புத்தகம் முதலாவதின் பிழைகள் அத்தனையோடும் இன்னும் நூறு பக்கம் கூடி வருகிறது.

மௌனம் பண்பானவர்களின் வழி. தூரத்து வாசகர் ஒருவருக்கு அது முழு உரிமையும்கூட. தமிழ்நாட்டு எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது: பிடிக்காவிட்டால் புத்தகத்தை எறிந்துவிட்டுப் போங்கள், வாசித்தே ஆகவேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தவில்லையே. நல்ல தீர்ப்பு. ஆனால் புத்தகத்தைக் கொளுத்த வந்தவர்களுக்குச் சொன்னது அது, அதைவிடக் கீழே இறங்காதே என்ற ஆகக்குறைந்த எல்லை. பக்கத்து ஊரில் இருக்கும் வாசகருக்கு அது போதாது, ஏனென்றால் இங்கே மௌனத்துக்கும் அர்த்தம் எடுப்பார்கள். வட்ஸ்அப்பில் நீல அடையாளம் விழுந்தும் பதில் வரவில்லை என்றால், அவனுக்குப் பொறாமை என்று ஒரு கதை, அவன் மற்றக் கட்சி என்று இன்னொரு கதை. புத்தகத்தில் ஏதோ சரியில்லை என்ற எண்ணம் மட்டும் அவருக்கு வராது.

இதில் ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வன்னியில் வயதில் மூத்தவர்கள் எழுத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தயங்கினால் அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவருடைய எழுத்து பிடிக்கவில்லை என்றால் அவரைத் துரோகி என்று சொல்லிவிடலாம், அந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியும், அப்படியொரு காலத்துக்குள்ளால் வந்தவர்கள் அவர்கள். எல்லாத் தரப்பும் ஆட்களைக் குறித்துவைத்திருந்த காலம். வாயை மூடிப் பழகியவர்களை இப்போது வந்து "ஏன் பேசவில்லை" என்று கேட்பது எங்களுக்குச் சுலபம்.

அதே காரணத்தால்தான் முகநூலில் ஆளை உரிப்பதும் எனக்கு ஒத்துவருவதில்லை. இது புதுசு என்று நினைக்கவேண்டாம். வள்ளலார் இராமலிங்க அடிகளின் பாட்டை அருட்பா என்று சொல்லலாமா என்று நல்லூர் ஆறுமுக நாவலர் தொடங்கிய சண்டை பாட்டை விட்டு ஆளுக்குப் போய், 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் போய் நின்றது. யாழ்ப்பாணத்திலே 1960களில் ஒரு சாகித்திய விழாவில் கூழ்முட்டை எறிந்த கதையை இலக்கியக்காரர்கள் இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள், முட்டை வாங்கியவர் சிரித்தாரோ தெரியாது. ஆனாலும் அந்தச் சண்டைக்காரர்கள் எதிராளியின் எழுத்தை வரிவரியாக வாசித்துவிட்டுத்தான் சண்டைக்குப் போனார்கள். இப்போது ஒரு பந்தியைப் படம் பிடித்துப் போட்டால் போதும். பெருமாள்முருகனுக்கு நடந்ததும் அதுதானே. சில பக்கங்களை மட்டும் போட்டோகொப்பி எடுத்து ஊருக்குள் கொடுத்தார்கள், 2014 டிசம்பரில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள், அடுத்த மாதமே அவர் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். கொளுத்தியவர்களில் எத்தனை பேர் நாவலை முழுதாக வாசித்தார்கள்?

சரி, மிஞ்சியிருக்கும் இரண்டுக்கு வருவோம். தனியே சொல்வதா, பகிரங்கமாக எழுதுவதா? எழுத்தாளர்கள் முதலாவதை விரும்புவார்கள், "என்னட்டைச் சொல்லியிருக்கலாமே" என்பது அவர்களின் நிரந்தர மனத்தாங்கல். விமர்சகர்கள் இரண்டாவதை விரும்புவார்கள், அச்சில் வந்தது ஊர்ச்சொத்து, காதுக்குள் சொல்ல என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கமும் எழுத்தாளரையும் விமர்சகரையும் மட்டும் வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறது. நான் பிழையின் வகையைப் பார்க்கிறேன்.

திருத்தக்கூடிய பிழை என்றால் தனியே. எங்கள் புத்தகங்களில் பாதிக் குறை எழுத்தாளருடையதே இல்லை, செம்மைப்படுத்த ஆள் இல்லாத குறை. கையெழுத்துப் பிரதி தட்டச்சுக்குப் போகும், அங்கிருந்து யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ உள்ள அச்சகத்துக்குப் போகும், இடையில் அதை எதிராளியின் கண்ணோடு வாசித்து "இந்த மூன்றாம் அத்தியாயம் எதற்கு?" என்று கேட்க ஒருவரும் இல்லை. அணிந்துரை எழுதியவரும் பாதி வாசித்துவிட்டு எழுதியிருப்பார். ஒரே சம்பவம் இரண்டு தரம் வருகிறது, நாற்பதாம் பக்கத்தில் செத்த கிழவர் தொண்ணூறாம் பக்கத்தில் வெற்றிலை போடுகிறார், வட்டக்கச்சி விவசாயி மதுரைப் படத்தில் வருகிறவர் மாதிரிக் கதைக்கிறார். இதையெல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்வதில் சொல்பவருக்குத்தான் புளுகம். பக்கத்தோடு குறித்து ஒரு தாளில் கொடுத்தால் அவருக்கு உதவும், டிஜிட்டல் அச்சில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கிற காலம் இது, அடுத்த தடவை அடிக்கும்போது திருத்தலாம். முகம் கொஞ்சம் கறுக்கும். அதற்கு ஆயத்தமாகப் போகவேண்டும், முடிந்தால் அவர் வீட்டு விறாந்தையில் வேறு ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஆனால் பிழை மற்றவர்களையும் தொடுகிறது என்றால் தனியே சொல்வது மறைப்பதற்குச் சமம். ஒரு உதாரணம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின, பாரதிபுரம், மலையாளபுரம் என்று போய்ப் பார்த்தால் தெரியும். போரில் அந்தச் சனம் கொடுத்த விலையும் சின்னதில்லை. வன்னி நாவல் என்று முந்நூறு பக்கம் எழுதி, அதற்குள் அவர்களைக் கூலிக்கு வருகிறவர்களாக, பெயர்கூட இல்லாமல், பகிடிக்கு மட்டும் கொண்டுவந்தால் அந்த எழுத்தாளரை வீட்டில் போய்ச் சந்தித்து "சேர், அது கொஞ்சம் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வருவது யாருக்கு நியாயம்? அந்தப் புத்தகத்தைப் பாரதிபுரத்துப் பிள்ளையும் நூலகத்தில் எடுத்து வாசிக்கும். இதை எழுத்தில், பெயர் போட்டு, வரியைக் காட்டி எழுதவேண்டும். ஆள் எப்படிப்பட்டவர், எந்த இயக்கத்தில் இருந்தவர், யாருடைய மருமகன் என்ற எதுவும் அந்தக் கட்டுரைக்குள் வரக்கூடாது. வந்தால் அடுத்த நாளே எல்லாரும் மருமகன் கதையைத்தான் கதைப்பார்கள், பாரதிபுரம் மறந்துபோகும்.

இந்தப் பிரிப்பு எல்லா இடத்திலும் சுலபமாக வேலை செய்யாது. வன்னியில் ஆகக் கஷ்டமான புத்தகம் போர் அனுபவம் எழுதியது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா எழுதுகிறார், கைகால் இழந்த ஒருவர் எழுதுகிறார், இலக்கியமாக அது தேறவில்லை. வசனம் முழுக்கக் கண்ணீர், கவிதை என்று நினைத்து அடுக்கிய சொற்கள், எதுவும் கண்ணுக்குள் வரவில்லை. இதற்கு "அவலம் பெரியது, ஆகவே நூலும் பெரியது" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வலியைச் சாட்டாக வைத்து எழுத்தாளரை எழுத்தாளராகவே மதிக்காமல் விடும் வேலை அது. மறுபக்கம், நடையைப் பிடித்துக் கிழிக்கும் இளம் விமர்சகர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் சொல்வது: நடையை விடுங்கோ, இந்தப் புத்தகத்துக்கு அது இரண்டாவது விஷயம். முதல் விஷயம் தகவல். இறுதிப் போரில் சனங்கள் போய் இருக்கவென்று அரசாங்கம் 2009 ஜனவரியில் அறிவித்த பாதுகாப்பு வலயம் சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பக்கம், பெப்ரவரியில் அறிவித்தது மாத்தளன் கரையோரம். இரண்டையும் கலந்து ஒன்றாக எழுதிவிட்டால் நாளைக்கு அதையே பிடித்து "பார், எல்லாம் கட்டுக்கதை" என்று சொல்ல ஆட்கள் காத்திருக்கிறார்கள். எங்கள் புத்தகங்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் திட்டம் 2005 முதல் இயங்குகிறது, அதில் ஏறிவிட்டால் பிழையும் நிரந்தரமாக ஏறிவிடும். ஆகவே இப்படியான புத்தகத்தில் தகவல் பிழையை அந்த அக்காவிடமோ ஐயாவிடமோ உடனே, தனியே, ஆதாரத்தோடு சொல்லுவேன். அவர் திருத்தமாட்டேன் என்றால் குறிப்பாக எழுதுவேன், அவரைக் குற்றவாளியாக்காமல். நடை பற்றி அவர் கேட்டால் மட்டும் வாய் திறப்பேன்.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் விஷயம் சுருக்கம். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருந்து எழுதிச் சென்னையில் பதிப்பிக்கிறவருக்குப் பின்னால் பதிப்பகம் இருக்கிறது, செம்மைப்படுத்துகிறவர் இருக்கிறார், பஸ் நிலையத்தில் அவரைச் சந்திக்கும் ஆபத்தும் இல்லை. அவருக்கு நேரே பகிரங்க விமர்சனம்தான், காரமாகவே எழுதலாம். ஆனால் உள்ளூர் ஆளுக்குச் சொல்லப் பயந்து அடக்கி வைத்த கோபத்தையெல்லாம் அவர் தலையில் கொட்டுகிற பழக்கம் ஒன்று எங்களிடம் இருக்கிறது, அது வேண்டாம்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி: அவருடைய அடுத்த புத்தகத்தை வாங்குவதா? உள்ளூர்க்காரர் என்றால் இரண்டாவதை வாங்குவேன், என்வலப் கொடுத்துத்தான், மேடையில் படமும் எடுப்பேன். நான் கொடுத்த தாளில் இருந்தது எதையாவது கவனத்தில் எடுத்திருக்கிறாரா என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். எடுக்கவில்லை என்றால் மூன்றாவதை நூலகத்தில் எடுத்து இருபது பக்கம் வாசிப்பேன், அதுக்கு மேலே போகாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன், பரந்தன் சந்தியில் கேட்டால் "இருபது பக்கம்தான் வாசிச்சனான், ஐயா" என்றே சொல்லுவேன்.