நிவாரணமா, சொந்தப் பொறுப்பா? ஊத்தங்கரை மழைக்குப் பிறகு ஒரு கணக்கு

2024 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. பக்கத்து தருமபுரி மாவட்டத்து அரூரில் 33. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரிப் பக்கம். கடலையே பார்க்காத எங்கள் பக்கம் அது இப்படிக் கொட்டும் என்று யார் நினைத்தார்கள்? மழை வரவில்லையே என்று வானத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பழக்கம்.

அன்று தொடங்கிய பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை. மரவள்ளி போட்டிருந்த சித்தப்பா சொல்வது இது: "ஏரி கவர்மென்ட்டோடது. அந்தத் தண்ணிதான் என் கொல்லையில பூந்துச்சு. நஷ்டத்தை அவங்கதான் குடுக்கணும்." ஓசூரில் வேலை செய்யும் அவர் மகன், என் தம்பி, ஒத்துக்கொள்ள மாட்டான். "அவங்க குடுக்கறத வச்சு நாம எழுந்திருக்க முடியாதுப்பா. இன்சூரன்ஸ் போட்டிருக்கணும்." இரண்டு பேரும் பாதி சரி என்பது என் எண்ணம். எதை இழந்தோம் என்று பிரித்துப் பார்த்தால்தான் எந்தப் பாதி என்பது தெரியும்.

முதலில் வண்டி. ஊத்தங்கரை பேருந்து நிலையத்தை ஒட்டி நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் ஏரித் தண்ணீரில் பொம்மை மாதிரி உருண்டு போனதை ஊரே பார்த்தது. அரசு நிவாரண விதிகளில் உயிருக்கு, வீட்டுக்கு, பயிருக்கு, மாட்டுக்கு எல்லாம் தொகை உண்டு. வண்டிக்கு இல்லை. கடையில் நனைந்துபோன சரக்குக்கும் இல்லை. ஆகவே இங்கே தம்பி சொல்வதுதான் சரி. சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், வெள்ளத்தில் போன நம் வண்டிக்கு ஒரு பைசா தராது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால்தான் கேட்க முடியும். அதிலும் தண்ணீர் புகுந்த வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து இன்ஜின் போய்விட்டால், தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்குக் கைவிரித்துவிடுவார்கள். மூழ்கிய வண்டியைத் தொடாமல் போட்டோ எடுத்துவைத்து, கட்டி இழுத்துப் போவதுதான் புத்திசாலித்தனம். எங்கள் தெருவிலேயே ஒருவர் சாவியைத் திருகிப் பார்த்து மாட்டிக்கொண்டார்.

நிலத்துக்கு வந்தால் கணக்கு சிக்கலாகிறது. அந்த மழைக்குத் தமிழக அரசு அறிவித்தது, 33 சதவீதத்துக்கு மேல் சேதமான இறவைப் பயிருக்கு, அதாவது தண்ணீர் பாய்ச்சி வளர்ப்பதற்கு, ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மழையை நம்பிய மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் 22,500. ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். இறவைக்கு ஏக்கருக்கு ஏழாயிரம் கூட வராது. உழவு, கரணை, களையெடுப்பு என்று சித்தப்பா போட்ட காசில் அது ஒரு ஓரத்துக்குக்கூடக் காணாது. ஆனால் முன்கூட்டி ஒரு ரூபாயும் கட்டாதவருக்கும் கிடைக்கும் என்பது அதன் பெரிய பலம். கையில் காசே இல்லாதவனுக்கு அடுத்த விதைப்புக்குப் பிடிமானம் அதுதான்.

பயிர்க்காப்பீட்டில் விவசாயி கட்டுவது, காப்பீடு செய்யும் தொகையில் காரீப் (மழைக்கால) உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலப் பயிர்) 1.5, தோட்டக்கலை மற்றும் வணிகப் பயிர்களுக்கு 5. மீதிப் பிரீமியத்தை ஒன்றிய, மாநில அரசுகள் போடுகின்றன. அதனால் இதை முழுக்கத் தனி மனிதப் பொறுப்பு என்று சொல்ல முடியாது. ஒரு கை நம்முடையது, இன்னொரு கை அரசுடையது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மகசூல் இழப்பைப் பிர்க்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி), கிராமம் என்று பகுதி முழுவதற்கும் சேர்த்து அறுவடை சோதனை செய்து பார்ப்பார்கள். நம் ஒரு கொல்லை மட்டும் மூழ்கி, சுற்றிலும் நன்றாக விளைந்திருந்தால் அந்தக் கணக்கில் நமக்கு எதுவும் வராது. உள்ளூர்ப் பேரிடர் என்று தனியாகக் கேட்க வேண்டுமானால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த மூன்று நாளில் எங்கள் ஊரில் கரண்ட் இல்லை, போன் செத்துக் கிடந்தது. தம்பிக்கு ஓசூரில் உட்கார்ந்துகொண்டு இது புரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

அதைவிடப் பெரிய தடை பட்டா. எங்கள் நிலம் இன்னும் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாக இருந்தது. நிவாரணக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் கேட்டதும் நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் என்று காட்டும் அடங்கல். காப்பீட்டுக்குக் கேட்பதும் அதேதான். தாத்தா இறந்து பல வருடம் ஆகியும் பட்டாவை மாற்றாமல் விட்டது எங்கள் தவறு. இதில் சித்தப்பா யாரையும் குறை சொல்ல முடியாது, அவரும் இப்போது சொல்வதில்லை.

அந்த மழைக்கு அறிவித்த நிவாரணத்தில், செத்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 ரூபாய். நல்ல கறவை மாட்டை அந்த விலைக்குச் சந்தையில் பிடிக்க முடியாது. அதுவும் பிணம் கிடைத்து, கால்நடை மருத்துவர் பார்த்து எழுதினால்தான். மழை எச்சரிக்கை வந்ததும் கயிற்றை அவிழ்த்து மேட்டில் விட்டவர்கள் மாட்டைக் காப்பாற்றினார்கள். அதற்கு ஈடாக எந்தத் தொகையும் நிற்காது.

இவ்வளவு நேரம் நிலமும் வண்டியும் உள்ளவர்களைப் பற்றித்தான் பேசினேன். களை பறிக்கப் போகிறவர்கள், செங்கல் சூளையில் நிற்கிறவர்கள் எதை இன்சூரன்ஸ் செய்வார்கள்? பத்து நாள் வேலை போனால் அந்தக் கூலிக்குப் பாலிசி கிடையாது. குத்தகைதாரர் பாடுபட்ட பயிருக்கு வரும் நிவாரணம் பட்டா வைத்திருப்பவர் கணக்கில் விழுவதையும் பார்த்திருக்கிறேன். இவர்களிடம் போய்ப் பொறுப்பு பற்றிப் பேசுவது அநியாயம். இங்கே சித்தப்பா பக்கம்தான் நான் நிற்பேன். அரசு கொடுத்தே ஆக வேண்டும், அதுவும் உடனே. அந்தப் புயலுக்குக் குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்று முதலில் வந்த அறிவிப்பு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு. 50 சென்டிமீட்டர் கொட்டிய ஊர் அந்தப் பட்டியலில் இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, ஏரி. சித்தப்பாவும் தம்பியும் மாறி மாறிப் பேசும்போது விட்டுவிடுவது இதைத்தான். ஏரி நிரம்பிக் கோடி போவது, அதாவது மிச்சத் தண்ணீர் கரை ஓரத்து வழியில் வழிந்து வெளியேறுவது, புதிது இல்லை, கோடி போனால் ஒரு காலத்தில் ஊரே பொங்கல் வைத்தது. கோடித் தண்ணீர் போகிற கால்வாயைத் தூர்த்து வீடும் கடையும் கட்டினால் அது தெருவுக்குள்தான் வரும். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதைச் செய்யும் அதிகாரம் அரசிடம் மட்டும் இருக்கிறது. எந்தக் காப்பீட்டாலும் ஒரு கால்வாயைத் திறக்க முடியாது. ஆனால் கால்வாயில் மண்ணைக் கொட்டியது யார்? நாம்தான். குப்பை போட்டதும் நாம்தான். குடிமராமத்து என்ற சொல்லே, வீட்டுக்கு ஓர் ஆள் போய்க் கரையையும் மதகையும் சீர்செய்த பழக்கத்திலிருந்து வந்தது. 2017-ல் அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தபோது எங்கள் ஊரில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தோம் என்று யோசித்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இப்போது பட்டா சித்தப்பா பெயருக்கு மாறிவிட்டது. இந்த முறை மரவள்ளிக்குக் காப்பீடு கட்டச் சொல்லித் தம்பியே பணம் அனுப்பினான். சித்தப்பா ரசீதை வாங்கி அடங்கலோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, பரண்மேல் வைத்திருக்கிறார். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு நாங்கள் மூன்று பேரும் கிளம்புகிறோம். கோடிக் கால்வாயை அளந்து கல் நடச் சொல்லி ஒரு மனு எழுதியாகிவிட்டது. கால்வாயை ஒட்டி வீடு கட்டியிருக்கும் எங்கள் பங்காளியிடம் கையெழுத்து வாங்குவதுதான் பாக்கி.